நீரைப் பிடித்து வைக்கும் துணி: பலகார அடுப்படிக்காகச் செய்து பார்த்தது

சென்ற தை மாதம், கோட்டையூரில் எங்கள் தெருவில் பலகாரம் செய்து விற்கும் ஆச்சியின் வீட்டில், விறகடுப்பின் முன் மணையில் அமர்ந்து தேன்குழல் பிழிந்துகொண்டிருந்த அக்கா ஒருவரின் முந்தானை நுனியில் தீப் பற்றியது. கிணற்றடியில் எப்போதும் நனைத்துப் போட்டிருக்கும் சாக்கை ஓடிப்போய் எடுத்துவந்து இன்னொருவர் அவர்மேல் சுற்றினார். மணிக்கட்டில் ஒரு கொப்புளத்தோடு அக்கா தப்பினார். பருத்தியோடு பாலியெஸ்டர் கலந்த சேலை என்பதால், எரிந்த விளிம்பு கருகி உதிராமல் உருகிக் கட்டிபட்டிருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் அடங்கியிருந்தது. அந்தச் சாக்கு மட்டும் திண்ணையில் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். காலையில் நனைத்த சாக்கு அது; கொடியில் தொங்கிக்கொண்டிருந்ததால் பகல் 12 மணிக்குள் மேல்பாதி காய்ந்து சரசரத்தது, கீழ்விளிம்பு மட்டும் சொதசொதவென்று இருந்தது. ஈரமான பாதி அவர்மேல் பட்டது நல்வினை என்றுதான் சொல்ல வேண்டும்.

நான் காரைக்குடியில் பள்ளி ஒன்றில் வேதியியல் கற்பிக்கிறேன். அன்றிலிருந்து ஏறத்தாழ நான்கு மாதங்கள், மாலைகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும், கீழே வடியாமலும் எளிதில் காயாமலும் நீரைத் தன்மேல் வைத்திருக்கும் துணி ஒன்றைச் செய்ய முடியுமா என்று பார்த்தேன். சரியாக வந்ததையும் வராமல் போனதையும் அப்படியே எழுதி வைக்கிறேன்.

முதலில் கணக்கு. 1 கிராம் நீரை 30 பாகையிலிருந்து 100 பாகை வரை சூடாக்க ஏறத்தாழ 290 ஜூல் வேண்டும். அதே 1 கிராமை நீராவியாக்க மேலும் ஏறத்தாழ 2,260 ஜூல் வேண்டும். ஆக, துணியில் தங்கியிருக்கும் ஒவ்வொரு கிராம் நீரும் 2,550 ஜூல் வெப்பத்தைத் தன்னோடு எடுத்துக்கொண்டு வெளியேறுகிறது. அது வெளியேறி முடியும்வரை அந்த இடத்தின் வெப்பநிலை 100 பாகையைத் தாண்டுவதில்லை. பருத்தி சிதைந்து எரியும் வளிமங்களைக் கக்கத் தொடங்குவதற்கு 300 பாகைக்கு மேல் வேண்டும். நீர் இருக்கும்வரை துணி எரியாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் இல்லை. அப்படியானால் கேள்வி தீயைப் பற்றியதே அல்ல. எவ்வளவு நீர், எந்த இடத்தில், எவ்வளவு நேரம் தங்கும் என்பதுதான் கேள்வி. 20 சென்டிமீட்டர் சதுரமுள்ள காடாத் துணித் துண்டு ஒன்று என் தராசில் 6 கிராம் இருந்தது. அதை நனைத்து, சொட்டுவது நிற்கும்வரை தொங்கவிட்டு நிறுத்தபோது அதில் 12 கிராம் நீர் இருந்தது. அதே துண்டின்மேல் 2 மில்லிமீட்டர் கனத்துக்கு ஜெல் படிந்திருந்தால், ஜெல்லில் பெரும்பகுதி நீரே என்பதால், ஏறத்தாழ 78 கிராம் நீர் இருக்கும். ஆறு மடங்குக்கும் மேல். சதுர சென்டிமீட்டருக்கு 500 ஜூல் என்று வருகிறது. தீயணைப்பு வீரர்களின் உடையைச் சோதிக்கும் பன்னாட்டு முறை ஒன்றில் சதுர மீட்டருக்கு 80 கிலோவாட் வெப்பம் தரப்படுகிறது. அந்தக் கடுமையில்கூட அந்த நீர் தீர ஒரு நிமிடம் ஆக வேண்டும். சேலையில் தீப் பற்றிய ஒருவருக்கு ஒரு நிமிடம் என்பது மிக நீண்ட நேரம்.

ஜெல் என்பது நமக்குப் புதிதல்ல. மளிகைக் கடையில் அகர் அகர் என்றும் சொல்லும் கடற்பாசியைக் காய்ச்சி ஆறவைத்தால் தட்டில் நடுங்கிக்கொண்டு நிற்கிறதே, அதுவும் நீண்ட மூலக்கூறு இழைகள் வலைபோல் பின்னி, தம்மைப்போல் பல மடங்கு நீரைச் சிறைப்பிடித்து வைத்திருப்பதுதான். 2012-ஆம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், பாலிஅக்ரிலமைடு என்னும் செயற்கைப் பொருளின் வலையையும், ஆல்ஜினேட் என்னும் பழுப்புக் கடற்பாசிப் பொருளின் வலையையும் ஒன்றுக்குள் ஒன்றாகப் பின்னி, இழுத்தாலும் எளிதில் கிழியாத ஹைட்ரோஜெல்லை (நீரை ஏந்திய ஜெல்லை) உருவாக்கிக் காட்டினார்கள். 2016-இல் அதே பல்கலைக்கழகத்திலிருந்து, அத்தகைய ஜெல்லைத் துணியோடு அடுக்காகச் சேர்த்துத் தீயைத் தாங்கும் உறை செய்யலாம் என்ற ஆய்வும் வெளிவந்தது. வழி அதில் இருக்கிறது. ஆனால் பாலிஅக்ரிலமைடைச் செய்ய வேண்டிய அக்ரிலமைடு நரம்புகளைப் பாதிக்கும் நஞ்சு, அதை வீட்டில் வைத்துச் செய்வது கூடாது. ஆல்ஜினேட் மட்டும் போதுமா என்று பார்ப்பதே எனக்கு ஏற்ற வழியாகத் தெரிந்தது. அதற்கு முன், கையில் எளிதாகக் கிடைப்பவற்றைச் செய்து பார்த்தேன்.

மளிகைக் கடைக் கடற்பாசி முதல் முயற்சி. லிட்டருக்கு 15 கிராம் போட்டுக் கொதிக்கக் காய்ச்சி, சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியின்மேல் ஊற்றியதும் அரைமணி நேரத்தில் கண்ணாடிபோல் உறைந்தது. பார்வைக்கு அழகு, பயனுக்குக் குறைவு. மடித்தால் விரிசல் விட்டது. தொங்கவிட்டால் தானாகவே நீரைக் கசியவிட்டது. தீயைக் காட்டியதும் உண்மையான குறை தெரிந்தது. கடற்பாசி ஜெல் ஏறத்தாழ 85 பாகையில் உருகிவிடும். நீர் ஆவியாகித் தன் வேலையைச் செய்வதற்கு முன்பே ஜெல் வழிந்து, நீரையும் கூட்டிக்கொண்டு தரையில் விழுந்துவிட்டது.

குழந்தைகளின் டயப்பருக்குள் இருக்கும் வெண்மணிகளையும் பிரித்தெடுத்துப் பார்த்தேன். சோடியம் பாலிஅக்ரிலேட் என்னும் அந்தப் பொருளைக் கொண்டு காட்டுத்தீக்கான ஜெல்கள் செய்யப்படுகின்றன. எங்கள் ஆழ்குழாய் நீரில் கால்சியமும் உப்பும் மிகுதி. அந்த நீரில் மணிகள் உப்ப வேண்டிய அளவுக்கு உப்பவே இல்லை. காய்ச்சி வடித்த நீரில் நன்றாக உப்பின, ஆனால் தொங்கவிட்ட துணியில் ஒட்டாமல் ஜவ்வரிசிபோல் உருண்டு விழுந்தன. அதோடு விட்டுவிட்டேன்.

ஆல்ஜினேட்டுக்கு வந்தேன். பழுப்பு நிறக் கடற்பாசிகளிலிருந்து எடுக்கப்படும் இந்தப் பொருளுக்கும் நம் பக்கத்துக்கும் தொடர்பு உண்டு. மண்டபம், பாம்பன் கடலில் பெண்கள் மூழ்கி எடுத்துவரும் பாசிகளில் இந்த வகையும் அடங்கும். துணியில் ரியாக்டிவ் சாயத்தால் அச்சிடும்போது சாயப்பசையைக் கெட்டியாக்கச் சோடியம் ஆல்ஜினேட்டைச் சேர்ப்பது வழக்கம் என்பதால், மதுரையில் சாயப்பொருள் விற்கும் கடையிலேயே தூளாகக் கிடைத்தது. சோடியம் ஆல்ஜினேட் நீரில் கரையும். கால்சியம் உப்பு பட்ட மாத்திரத்தில், இரண்டு இழைகளுக்கு நடுவே கால்சியம் அயனிகள் முட்டைத் தட்டில் முட்டை உட்காருவதுபோல் அமர்ந்து இழைகளைக் கோத்துவிட, கரைசல் ஜெல்லாகிவிடும். இந்த ஜெல் வெப்பத்தில் உருகாது. கடற்பாசியில் நான் பட்ட தொல்லைக்கு இதுவே விடை.

ஆனால் அதே குணம் முதல் நாளே என்னைச் சிக்கலில் தள்ளியது. ஆழ்குழாய் நீரில் தூளைப் போட்டவுடன், அந்த நீரில் இருந்த கால்சியமே அதைப் பிடித்துத் திரிதிரியாகக் கட்டி கட்டிவிட்டது. எவ்வளவு கடைந்தும் கரையவில்லை. பிறகு ஊருணித் தண்ணீர் ஒரு குடம் எடுத்துவந்து, துணியில் வடிகட்டிப் பயன்படுத்தினேன். ஊருணியில் நிற்பது மழைநீர் என்பதால் கடினத்தன்மை குறைவு. தூள் ஒழுங்காகக் கரைந்தது. கரைப்பதிலும் ஒரு பக்குவம் உண்டு. தூளை மொத்தமாகக் கொட்டினால் வெளியே வழவழப்பும் உள்ளே உலர்ந்த மாவுமாக உருண்டைகள் திரண்டுகொள்ளும். தூளோடு இரண்டு பங்கு சர்க்கரையைக் கலந்து, ஒருவர் மத்தால் கடைய, மற்றவர் மேலிருந்து கோலப்பொடி தூவுவதுபோல் விரலிடுக்கில் சிறிது சிறிதாக விட்டால் திரளாது. கடைந்து முடித்ததும் கரைசல் நுரையோடு வெள்ளையாக இருக்கும். அந்த நுரையோடு பூசிவிடக் கூடாது. குமிழி இருக்கும் இடமெல்லாம் பிறகு ஜெல்லில் ஓட்டையாகிவிடும். மூடி வைத்து ஓர் இரவு விட்டால், காலையில் தேன் நிறத்தில் தெளிந்து, கரண்டியில் எடுத்தால் பாகுபோல் ஒழுகும்.

துணி கடையில் வாங்கிய சாதாரணக் காடாத் துணி. நெய்யும்போது பாவில் ஏற்றிய கஞ்சி அதில் இருக்கும். அது இருந்தால் நூலுக்குள் எதுவும் இறங்காது. சலவைச் சோடா போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு அலசினேன். துளி நீரை விட்டால் உருண்டு நிற்காமல் உடனே உறிஞ்சப்பட வேண்டும், அதுவே பதம்.

லிட்டருக்கு 25 கிராம் என்ற கெட்டிக் கரைசலைத் துணியின்மேல் நேராகப் பூசி, அப்படியே கால்சியம் குளோரைடுத் தொட்டியில் முக்கியதுதான் முதல் பெரிய தவறு. இரண்டு நிமிடத்தில் அழகான ஜெல் வந்தது. ஐந்தாவது நிமிடத்தில் ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கியபோது, வெந்த உருளைக்கிழங்கின் தோல்போல் முழுப் படலமும் துணியைவிட்டுக் கழன்று வந்தது. கெட்டிக் கரைசல் நூல்களுக்கிடையே இறங்கவே இல்லை, மேலே உட்கார்ந்திருந்தது. உள்ளே ஒரு பகுதி உறையாமல் கொழகொழவென்றும் இருந்தது, ஏனென்றால் வெளித்தோல் உறைந்ததும் கால்சியம் உள்ளே போகும் வேகம் குறைந்துவிடுகிறது.

இரண்டு குறைகளையும் தீர்க்க மூன்று வாரங்கள் பிடித்தன. கடைசியில் நிலைத்த முறை இது. லிட்டருக்கு 10 கிராம் மட்டும் போட்ட நீர்த்த கரைசலில் துணியை ஊறவைத்து, துணி துவைப்பதுபோல் கையால் கசக்கி, நூலுக்குள் இறங்கியதும் இலேசாகப் பிழிந்து, மரச்சட்டத்தில் நூலால் இழுத்துத் தைத்துவிட வேண்டும். முதலில் குண்டூசி குத்தினேன். ஒரே நாளில் துருப்பிடித்துப் பழுப்புப் புள்ளி விழுந்தது. சட்டத்தைக் கண்ணாடிப் பலகையின்மேல் மட்டமாக வைத்து, கெட்டிக் கரைசலை ஊற்றி, அளவுகோலின் விளிம்பால் இழுத்துச் சமன்செய்தபின், இஸ்திரி போடும்போது நீர் தெளிக்கும் குப்பியில் கால்சியம் குளோரைடுக் கரைசலை நிரப்பிப் பனிபோல் தெளித்தால், பத்து நிமிடத்தில் மேலே தோல் பிடிக்கும். திருப்பிப் போட்டு மறுபக்கமும் அப்படியே செய்ய வேண்டும். அதன்பின் லிட்டருக்கு 20 கிராம் கால்சியம் குளோரைடு கரைத்த தொட்டியில் சட்டத்தோடு இரண்டு மணி நேரம் கிடந்தால் உள்வரை உறைந்துவிடும். உறையும்போது ஜெல் சுருங்குகிறது. இரு பக்கமும் சேர்த்து 2 மில்லிமீட்டர் வேண்டுமென்றால் இரண்டரை மில்லிமீட்டர் ஊற்ற வேண்டியிருந்தது. இப்படிச் செய்த துண்டில், ஜெல்லை நகத்தால் கீறினால் நூலோடுதான் வரும், நூலிலிருந்து உரியாது.

கால்சியம் குளோரைடைக் கரைக்கும்போது ஓர் எச்சரிக்கை: உலர்ந்த மணிகளை நீரில் கொட்டினால் பாத்திரம் கை வைக்க முடியாத அளவு சுடும். நீரில் மணிகளைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். மணிகளின்மேல் நீரை ஊற்றக் கூடாது.

தீச் சோதனையை எங்கள் வீட்டுப் பின்கட்டில், கூரையில்லாத இடத்தில், இரண்டு வாளி நீரையும் மணலையும் அருகில் வைத்துக்கொண்டு செய்தேன். கேஸ் டார்ச்சை 10 சென்டிமீட்டர் தூரத்தில் நிறுத்தினேன். உலர்ந்த காடாத் துணி மூன்றாவது வினாடியில் பற்றிக்கொண்டது. நனைத்துத் தொங்கவிட்ட துணி 11 வினாடியில் பழுத்து, உடனே ஓட்டை விழுந்தது. ஜெல் துணியில் சுடர் பட்ட இடம் முதலில் வெளுத்தது. பிறகு தோசைக்கல்லில் மாவு ஊற்றியதுபோல் சிறு கண்கள் திறந்தன. ஒவ்வொரு கண்ணிலிருந்தும் மெல்லிய சீறலோடு ஆவி வந்தது. ஏறத்தாழ 40 வினாடி அந்த நிலையிலேயே நின்றது. பிறகு நடுவில் ஜெல் ஒடுங்கி, துணியின் நெசவு வெளியே தெரிய, அந்த நெசவின் கோடுகள் ஒவ்வொன்றாகப் பழுப்பாகின. 1 நிமிடம் 20 வினாடியில் கருகி ஓட்டை விழுந்தது. அப்போதும் சுடரை எடுத்தவுடன் கருகல் நின்றுவிட்டது, பக்கத்துக்குப் பரவவில்லை. பக்கத்தில் எல்லாம் நீர் இருந்ததே காரணம். நீர் போனபின் எஞ்சும் கால்சியம் ஆல்ஜினேட்டும் காற்றில் எளிதில் எரியும் பொருளல்ல. கருத்துக் கெட்டியான ஓடாக நூலைப் போர்த்திக்கொண்டு நின்றது.

ஐந்து துண்டுகளைச் சுட்டுப் பார்த்ததில் இரண்டு 50 வினாடிகூடத் தாங்கவில்லை. அவற்றை அறுத்துப் பார்த்தேன். அளவுகோலை இழுத்தபோது கை அழுந்திய இடத்தில் ஜெல் 1 மில்லிமீட்டருக்கும் குறைவாக இருந்தது. துணியின் சராசரிக் கனத்தைத் தீ பார்ப்பதில்லை, மிக மெல்லிய இடத்தையே தேடிப் பிடிக்கிறது. அதன்பின் அளவுகோலைக் கையால் இழுப்பதை விட்டு, இரு பக்கமும் மரரீப்பர் வைத்து அதன்மேல் ஓடவிட்டேன்.

இந்தப் பதிவில் மிக முக்கியமானது இனி வருவது. துணி எரியவில்லை என்பதும் துணிக்குப் பின்னால் இருப்பவர் வேகவில்லை என்பதும் ஒன்றல்ல. துணியின் பின்புறத்தில், வெப்பநிலையை அளக்கும் தெர்மோகப்பிள் ஒன்றை ஒட்டி மறுபடியும் சுட்டேன். 18 வினாடியில் பின்புறம் 60 பாகையை எட்டியது. பிறகு ஏறி, 95-ஐ ஒட்டி, நீர் தீரும்வரை அங்கேயே நின்றது. கணக்குப்படி அது சரியான நடத்தைதான். ஆனால் 60 பாகை நீர் தோலில் சில வினாடிகள் பட்டாலே ஆழமாக வெந்துவிடும். ஜெல்லை நேராகத் தோலின்மேல் போட்டுக்கொண்டு தீயின் முன் நிற்பவர் தீயில் எரியமாட்டார், ஆவியில் வெந்துவிடுவார். பின்னால் உலர்ந்த துண்டை இரண்டாக மடித்து வைத்தபோது 60 பாகை வர 40 வினாடி ஆனது. துண்டைத் தொட்டுப் பார்த்தால் ஈரம். ஆவி நெசவு வழியே புகுந்து உலர்ந்த துணியில் படிந்து அதற்கும் சூட்டைக் கொடுத்திருந்தது. உள்ளே உலர்ந்த அடுக்கு இல்லாமல் இந்தத் துணியை உடையாக எண்ணவே கூடாது என்பது என் உறுதியான முடிவு.

சித்திரை பிறந்ததும் அடுத்த தொல்லை வந்தது. செட்டிநாட்டு வெயிலைப் பற்றி நம்மவர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. நிழலில் தொங்கவிட்ட ஜெல் துணி மறுநாள் மாலை அப்பளம்போல் வளைந்து, தட்டினால் ஓசை கொடுத்தது. 80 கிராம் ஜெல்லில் மிஞ்சியது 2 கிராம் சொச்சம். மறுபடி நீரில் போட்டும் பழைய கனம் திரும்பவில்லை. ஒருமுறை காய்ந்து ஒட்டிக்கொண்ட கால்சியம் ஆல்ஜினேட் இழைகள் முன்போல் விலகிக்கொடுப்பதில்லை. ஆச்சி வந்து பார்த்தார்கள். கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஏந் தம்பி, சாக்கு அரைநாள்ல காயுது, இது ஒண்ணரை நாள்ல காயுது. அதுக்கா இத்தனை பாடு?” என்றார்கள். “கொஞ்சம் பொறுங்க ஆச்சி, காயாம வைக்க ஒரு வழி இருக்கு” என்றேன்.

அந்த வழி கால்சியம் குளோரைடேதான். காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் குணம் அதற்கு உண்டு. அலமாரிகளில் ஈரம் உறிஞ்ச வைக்கும் பெட்டிகளுக்குள் இருப்பதும் அதுதான். உறைந்த ஜெல் துணியை நூற்றுக்கு 25 பங்கு செறிவுள்ள கரைசலில் ஓர் இரவு ஊறவைத்து, அலசாமல் தொங்கவிட்டேன். செறிந்த உப்பு ஜெல்லிலிருந்து சிறிது நீரை வெளியே இழுத்ததால் 80 கிராம் 70 ஆனது. அடுத்த எட்டு நாட்களில் மெல்லக் குறைந்து 46-இல் வந்து நின்றது. அதன்பின் காலையில் 48, மாலையில் 45 என்று காற்றின் ஈரத்தோடு ஏறி இறங்கியதே தவிர, கீழே போகவில்லை. சித்திரை வெயிலிலும் தொட்டால் ஈரமாக, வளைத்தால் வளைவதாக இருந்தது. ஆனால் இழப்பையும் சொல்ல வேண்டும். அதில் இப்போது இருப்பது 28 கிராம் நீர்தான். தீச் சோதனையில் 35 வினாடியில் கருகியது. புதிய ஜெல்லில் பாதிகூட இல்லை, நனைத்த துணியைவிட மூன்று மடங்கு. ஒரு வாரமாக யாரும் நீர் ஊற்றாமல் தொங்கிய துணி அந்தப் பலனைத் தந்தது என்பதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

உப்பு ஊறிய துணிக்கு அதற்கே உரிய தொல்லைகளும் உண்டு. முதல் துணியை முகப்பில் தொங்கவிட்டிருந்தேன். அதிலிருந்து சொட்டிய நான்கு துளிகள் ஆத்தங்குடிக் கல்லின்மேல் விழுந்து, ஈரவட்டங்களாகப் பதிந்தன. எத்தனை முறை துடைத்தாலும் உலர்ந்ததுபோல் தோன்றி, விடியற்காலையில் மறுபடி ஈரம் பூத்தன. மூன்று நாள் நீர் ஊற்றி ஊற்றி எடுத்தபின்தான் மறைந்தன. தாத்தா காலத்துத் தரை அது. இரும்புச் சாமான்களிலும் துரு வேகமாக ஏறும். கையில் கீறல் இருந்தால் எரியும். ஒரு நன்மை, உப்புத் துணியில் பூஞ்சை பிடிக்கவில்லை. உப்பில்லாமல் மூடி வைத்த துணியில் பத்தாம் நாளே கரும்புள்ளிகளும் புளித்த வாடையும் வந்துவிட்டன.

ஆச்சியின் அடுப்படிக்கு எதைக் கொடுப்பது என்பது அடுத்து. மேலங்கி தைத்துக் கொடுத்தேன். ஒரு கிலோவுக்குமேல் கனம். ஒரு மணி நேரம் கட்டிப் பார்த்த அக்கா, “மடியில ஈரத்தோட உக்காந்து பிழிய முடியல தம்பி, இடுப்பு விறைக்குது” என்று அவிழ்த்துவிட்டார். அவர் சொன்னது முழுக்கச் சரி. நாள் முழுதும் உடுத்தும் உடையாக ஜெல்லை நினைத்தது என் பிழை. உடுத்தும் துணிக்கு உலர்ந்த நிலையில் வேலை செய்யும் உப்புகளே ஏற்றவை. 1821-ஆம் ஆண்டிலேயே பிரான்சில் கே-லுசாக், நாடக அரங்கத் துணிகளுக்காக அம்மோனியம் பாஸ்பேட்டையும் வெண்காரத்தையும் கொண்டு அந்த வழியை ஆராய்ந்திருக்கிறார். வெண்காரம் 7 பங்கு, போரிக் அமிலம் 3 பங்கு கலந்த கரைசலில் முக்கி உலர்த்திய பருத்தி சுடர்விட்டு எரியாது, கருகும். துவைத்தால் போய்விடும், மறுபடி முக்க வேண்டும். ஆனால் பலகாரம் செய்யும் இடத்தில், சோடாவும் உப்பும் இருக்கும் அதே அலமாரியின் பக்கத்தில், அவற்றைப்போலவே வெள்ளையாக இருக்கும் வெண்காரத்தைக் கொண்டுபோய் வைக்க எனக்கு மனம் வரவில்லை. உணவில் சேரக் கூடாத பொருள் அது. ஆகவே உடையை விட்டுவிட்டு, அக்காமார் அடுப்படியில் பருத்திச் சேலை உடுத்துவதென்றும் முந்தானையை இடுப்பில் செருகுவதென்றும் மட்டும் பேசி முடித்தோம்.

ஜெல் துணிக்கு இரண்டு இடங்கள் அமைந்தன. அடுப்புக்கும் கருவேல விறகு அடுக்கியிருக்கும் சுவருக்கும் நடுவே, மரச்சட்டத்தில் உப்பு ஊறிய திரை ஒன்று நிற்கிறது. கீழே பீங்கான் தட்டு வைத்திருக்கிறோம், தரை கெடாமல். மற்றொன்று ஆள்மேல் சுற்றும் போர்வை. 90-க்கு 120 சென்டிமீட்டர், உப்பில்லாத முழுக் கனம், நிறுத்தால் இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். ஆல்ஜினேட் ஜெல் மடித்தால் முறியும். அதனால் கோரைப்பாய்போல் சுருட்டி, நீர்த்த கால்சியம் குளோரைடுக் கரைசல் அடியில் நிற்கும் மூடிபோட்ட எவர்சில்வர் அண்டாவுக்குள் வைத்திருக்கிறோம். பூஞ்சைக்காகப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கரைசலை மாற்ற வேண்டும்.

போர்வையைச் சோதிக்க, வெட்டிய வாழைமரத் துண்டில் பழைய பருத்திச் சேலையைச் சுற்றிக் கொளுத்தினோம். ஜெல் போர்வையைச் சுற்றியதும் மூன்று வினாடிக்குள் அணைந்தது. அதே சோதனையை அப்போதுதான் நனைத்த சாக்கைக் கொண்டு செய்தோம். அதுவும் மூன்று வினாடிதான். காற்றை அடைத்து அணைப்பதில் இரண்டும் ஒன்றே. பகல் முழுதும் கொடியில் கிடந்த சாக்கைக் கொண்டு மூன்றாவது முறை செய்தபோது, சாக்கின் உலர்ந்த பாதி புகைந்து, ஓரத்தில் கனல் பிடித்தது. ஆச்சி அதைக் கண்ணால் பார்த்தபின், அண்டாவை எங்கே வைப்பது என்று அவர்களே இடம் காட்டினார்கள்.

எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்தால் இந்தப் போர்வையை அதன்மேல் போடக் கூடாது. கொதிக்கும் எண்ணெயில் ஒரு கரண்டி நீர் விழுந்தாலே அது நொடியில் ஆவியாகி எண்ணெயை நாலாபக்கமும் வாரி இறைக்கும். கிலோக்கணக்கில் நீர் ஏந்திய துணியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதற்குச் சட்டியைவிடப் பெரிய உலர்ந்த இரும்பு மூடி அடுப்பின் வலப்பக்கத்தில் சாத்தி வைக்கப்பட்டிருக்கிறது. இதை அக்காமார் இருவரிடமும் தனித்தனியே சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்லியும் கேட்டேன்.

இப்போது வெள்ளிக்கிழமைதோறும் போர்வையை எடுத்து நிறுக்கிறேன். ஐந்தாவது வாரம் முடிந்த நிலையில் 40 கிராம் குறைந்திருக்கிறது. ஓரத்தில் ஒரு விரல் நீளத்துக்கு ஜெல் பிளந்திருக்கிறது, சுருட்டும்போது இழுத்ததால் இருக்கலாம். பல் மருத்துவர்கள் பல்லின் அச்செடுக்கப் பயன்படுத்தும் தூளும் ஆல்ஜினேட்தான். அதில் கால்சியம் சல்பேட்டையும், உறைவதைத் தாமதப்படுத்தும் பாஸ்பேட் உப்பையும் சேர்த்திருப்பதால், வெளித்தோல் முந்திக்கொள்ளாமல் முழுவதும் ஒரே சீராக உறைகிறது. அந்த முறையில் பூசினால் பிளவு குறையுமா என்று அடுத்த துண்டில் பார்க்கப் போகிறேன். காடாத் துணி கஞ்சி நீக்கிக் காய்ந்துகொண்டிருக்கிறது.